ஐந்து அரங்கு, பத்தொன்பது பேர்

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி விட்டதும் அக்காவின் அலுவலகம். சாவிக்கடைக்கு மேல்மாடி, மூன்று மேசை, கீழே சாவி அராவும் சத்தம். மூன்று பேராகச் சேர்ந்து ஒரு படகு விளையாட்டைச் செய்திருக்கிறார்கள். இணையத்தில் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் தொடங்கும். இன்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். பதினொரு நிமிடம். எட்டு சேரவில்லை.

“எல்லாரும் அங்கதான்டி இருக்காங்க” என்றாள் அக்கா.

அங்கே என்றால் அந்தப் பெரிய விளையாட்டு. எங்கள் வீட்டில் அதன் பெயரைச் சொல்வதில்லை, ‘பெரியது’ என்றுதான் சொல்வோம். வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரியிடம் அது அவ்வளவு நன்றாக இருக்குமா என்று கேட்டேன்.

“நல்லாருக்கான்னு யாரு பாத்தா? எல்லாரும் அங்க இருக்காங்க, அதான் நானும்.”

இது ஒரு காரணமா? யோசித்தால், பெரிய காரணம்தான் போல.

ஜூன் 4, புதன்

முதலாளி வந்திருந்தார். மாத முடிவுக்குள் மாலை நேரத்தில் ஐம்பது பேராவது நிலையாக இல்லையென்றால் விளையாட்டை மூடிவிடுவாராம். அக்கா பேனா மூடியைக் கடித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஜூன் 7, சனி

விசித்திரம். பெரியதைப் பழுதுபார்க்க இரண்டிலிருந்து ஐந்து மணி வரை மூடியிருந்தார்கள். இங்கே முந்நூற்று நாற்பது பேர்! அக்கா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஐந்து மணிக்கு அது திறந்தது. ஐந்தரைக்கு இங்கே பத்தொன்பது.

அப்படியென்றால் அவர்களுக்கு நம்மைப் பிடிக்காமல் இல்லை. வந்தார்கள், ஆடினார்கள். பிறகு ஏன் ஒருவர்கூடத் தங்கவில்லை?

ஜூன் 10, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒருவர் எழுந்து போனால் அந்த ஒருவர் மட்டும் குறைவதில்லை. மீதி ஏழு பேருக்கும் ஆட்டம் இல்லை. சலித்துப்போய் அவர்களும் எழுகிறார்கள். பெரியதில் லட்சக்கணக்கானோர் இருப்பதால் யார் போனாலும் தெரியாது. பெரியது பெரிதாக இருப்பதாலேயே இன்னும் பெரிதாகிறது. சிறியதும் அப்படியே, தலைகீழாக.

இன்னொன்றும் உண்டு. மாலை ஆறு மணிக்கு, படகு ஓட்டும் ஒவ்வொரு அரங்கிலும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். பழைய துறைமுகம் 6, சுரங்கம் 4, பனி 4, சந்தை 3, கலங்கரை விளக்கம் 2. மொத்தம் பத்தொன்பது பேர், ஐந்து அரங்கு. எதிலும் எட்டு இல்லை. பத்தொன்பது பேரும் காத்திருக்கிறார்கள், ஒருவரும் ஆடவில்லை. எல்லாரும் ஒரே அரங்கில் இருந்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் நடக்கும்!

எதற்கு ஐந்து என்று அக்காவிடம் கேட்டேன். “பெரியதுல பன்னெண்டு இருக்கு. நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணு இருந்தா எவன் வருவான்?”

ஜூன் 11, புதன்

சொல்லியிருக்கக் கூடாது.

நாலை மூடு, பழைய துறைமுகத்தை மட்டும் வை என்றேன். அக்கா நான் எண்ணி எழுதிய தாளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அந்த ரெண்டு பேர் நிக்கிறது எதுல தெரியுமா?”

“கலங்கரை விளக்கம்.”

“யாரு செஞ்சது?”

“நீ.”

“ஏழு மாசம். ஒவ்வொரு அலையும் கையால வரைஞ்சேன். மேடம் கடிகாரத்தைப் பாத்துட்டு மூடுன்னு சொல்றாங்க.”

நான் எண்ணத்தானே எண்ணினேன். தப்பா எண்ணலையே. ஆனா ஏன் அப்படி மூஞ்சிக்கு நேரா சொன்னேன் — கொஞ்சம் சுத்தி வளைச்சு சொல்லியிருக்கலாம்ல? அவ அலை ரொம்ப அழகா இருக்கும். அதையாவது முதல்ல சொல்லியிருக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. பக்கத்தில் நிற்கிறேன், அம்மாவிடம் சொல்கிறாள்: “விஞ்ஞானிகிட்ட சொல்லும்மா, துண்டு பால்கனியில காயுதுன்னு.”

ஜூன் 17, செவ்வாய்

நான்கையும் மூடினாள். தன்னுடையதை முதலில். நான் இருந்தது அவளுக்குத் தெரியும், திரும்பிப் பார்க்கவில்லை. முடித்ததும், “எண்ணு” என்றாள்.

காத்திருந்த நேரம்: ஐம்பது நொடி.

ஜூன் 28, சனி

பெரியதற்கு மறுபடி பழுதுபார்ப்பு. முந்நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள். ஐந்து மணிக்கு அது திறந்ததும் முதலாளி, அக்கா, நான் மூவரும் ஒரே திரைமுன். 190. 121. 88. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கே தெரியாமல். 63. 57. 58. 57.

“என்னம்மா இது, ஹேங் ஆயிடுச்சா?” என்று முதலாளி திரையைத் தட்டினார்.

ஹேங் ஆகவில்லை. ஒரு ஆட்டம் முடிந்ததும் அடுத்தது உடனே தொடங்கியது, எழுந்து போக யாருக்கும் இடைவெளி கிடைக்கவில்லை. அவ்வளவுதான். கிளம்பும்போது முதலாளி மூடுவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

பக்கத்து இருக்கைக்காரியும் வருகிறாளாம். பெரியதை விட்டுவிட்டாயா என்று கேட்டேன். “ஏன் விடணும்? அதுல செத்தா இதுக்கு வருவேன்.” இது என் கணக்கில் எங்கேயும் இல்லை. புதுப் பக்கம் தொடங்க வேண்டும்.

ஜூலை 19, சனி

இன்று மாலை ஆறிலிருந்து ஏழு வரை கலங்கரை விளக்கம் திறந்திருந்தது. அந்த ஒரு மணி நேரம் பழைய துறைமுகத்துக்குப் பூட்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான். அக்காவின் யோசனை. நாற்பத்தெட்டுப் பேர், ஆறு ஆட்டம். ஒரு படகு ஓடாமல் நின்றுகொண்டே இருந்தது. உடைந்துவிட்டதோ என்று பயந்தோம். ‘அலையப் பாத்துட்டு இருக்கேன்’ என்று எழுதினார் அந்த ஆள். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

ஏழு மணிக்கு, யாரும் சொல்லாமல், அவளே பூட்டினாள். நாற்பத்தெட்டுப் பேரும் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.