தலை போன சொற்கள்

மார்ச் 4, செவ்வாய்

குழாய் ரிப்பேர் செய்பவர் சமையலறைத் தொட்டியின் அடியில் தலையை விட்டுக்கொண்டு ஏதோ கேட்டார். "எழுபத்தொண்ணு" என்றேன். அவர் தலையை வெளியே எடுத்து முதலில் என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார். "பழசு சார்னு சொன்னேன். பைப்பைச் சொன்னேன்" என்றார்.

'வயசு சார்?' என்றுதான் என் காதில் விழுந்தது. அவருக்கு எதற்கு என் வயசு என்று எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தக் காலத்தில் யார்தான் பிறந்த தேதி கேட்காமல் வேலை செய்கிறார்கள்? மனைவி அவரிடம் தணிந்த குரலில், "கொஞ்ச நாளா இப்படித்தான்" என்றாள். இது எனக்கு நன்றாகக் கேட்டது. நம்மைப் பற்றிப் பேசினால் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

மகள் வந்தாள். மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஆயிரம் மாத்திரைகளில் விரிசல் விட்ட ஒன்றைப் பார்த்துப் பொறுக்கித் தூக்கி எறிவது அவள் வேலை. இன்று அந்தப் பார்வை என் மேல் விழுந்தது.

அவள் வரப்போவது எனக்குத் தெரியாது. "முந்தாநாளே சொன்னேன், மறந்துட்டார்" என்றாள் மனைவி. சொல்லியிருப்பாள். சாப்பிடும்போது மகள், கூட வேலை செய்தவர் இறந்துவிட்டதாகச் சொன்னாளாம். நான் "நல்லது, என்ன சம்பளம்?" என்றேனாம். வேலையில் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது என் கார் சாவி அவள் கைப்பைக்குள் போய்விட்டது. பிரஷர் மாத்திரைகளை இனி அம்மாதான் எடுத்துத் தர வேண்டும் என்று உத்தரவு. அம்மா பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மூளை டாக்டரிடம் நாள் வாங்கியாயிற்று. அவர் மறதி நோய் என்று சொல்லிவிட்டால் வீட்டை விற்றுவிட்டு நாங்கள் இருவரும் மகளோடு போய்விட வேண்டும். "ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன்ப்பா" என்றாள். அந்த ரூமை எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசியின் முதுகு தெரியும். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக இஷ்டமில்லை. மறந்துவிடப் போகிறேன் என்கிறார்களே, அதனால் எழுதியே வைக்கிறேன்: இஷ்டமில்லை.

மார்ச் 10, திங்கள்

எழுந்ததும் இன்று என்ன கிழமை என்று என்னை நானே கேட்டேன். திங்கள். பாஸ்.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டர் சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே முழுக்க முகக்கவசம். என்னைப் பார்த்துச் சிரித்தாரா முறைத்தாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

மூன்று சொற்கள் சொல்வதாகவும், பிறகு கேட்கும்போது நான் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். சொற்கள்: ஆவி, அடகு, உடை. மறதி வந்தவனைப் பயமுறுத்தவென்றே பொறுக்கி எடுத்தது மாதிரி. ஒரு மனிதனின் கடைசிக் காலத்தை மூன்று சொல்லில் அடக்கச் சொன்னால் இப்படித்தான் வரும். உடனே ஒரு தடவை சொல்லிக் காட்டினேன். கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டே தலையாட்டினார். பிறகு கடிகாரம் வரையச் சொன்னார். அழகாகவே வரைந்தேன். ஆனால் அவர் கேட்ட மணி அதில் இல்லையாம். அப்புறம் அந்த மூன்று சொற்களைக் கேட்டார். ஆவி, அடகு, உடை என்று கணீரென்று சொன்னேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எதையோ குறித்துக்கொண்டார்.

முடிவை என்னிடம் சொல்லவில்லை, மகளிடம் சொன்னார். ஆரம்ப நிலையாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றாராம். திரும்பி வரும்போது பின் சீட்டில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இருக்கேன்ல, எதுக்குப் பயப்படறீங்க" என்றாள். பயமாகத்தான் இருந்தது. பயமாகத்தான் இருக்கு.

மார்ச் 22, சனி

ஆவி, அடகு, உடை. இன்னும் ஞாபகம் இருக்கிறது. நான் எதை மறந்தேன் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

காலையில் மாத்திரை போட்டேன். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மனைவி மறுபடியும் தண்ணீரும் மாத்திரையுமாக நிற்கிறாள். இப்போதுதானே போட்டேன் என்றேன். "அது நேத்து" என்றாள்.

நேற்றா? டம்ளரின் குளிர்ச்சி இன்னும் விரலில் இருந்த மாதிரி இருந்ததே. ஆனா எனக்குத்தானே மறதி? டாக்டரே சொல்லிட்டாரே? மறதிக்காரன் நர்ஸோடு வாதாடினால் அதுவும் நோயின் அறிகுறி என்பார்கள். வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

பத்து மணி வாக்கில் குளியலறையில் தலை சுற்றி, துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கம்பி கையோடு வந்துவிட்டது. போனில் மகளுக்குத் தகவல் போனது. அதையும் என் நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஸ்கேனில் வயசுக்கு ஏற்ற மூளைதான் என்று வந்திருக்கிறது. அதற்காக மகள் மனம் மாறவில்லை. மாசக் கடைசியில் வீட்டுத் தரகர் வருகிறார் என்றாள். வந்ததே கோபம் எனக்கு. ஞாபகம் இல்லாதவனா நான்? இந்தா கேளு — ஆவி, அடகு, உடை. அந்த டாக்டர் சொன்ன மூணும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், என்றேன்.

மகள் அன்று டாக்டர் அறையில் என் பக்கத்தில்தான் இருந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இல்லப்பா. ஆவி, அடகு, உடை."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

இன்னும் உரக்கச் சொன்னாள். எனக்கு அதே மூன்றுதான் கேட்டது. அதேதான் என்றேன். இப்படியே நாலைந்து முறை. கடைசியில் செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்.

சாவி. படகு. குடை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவாளனாக இருந்தவன். அந்தக் காலத்தில் ஒலிநாடாவை பிளேடால் வெட்டித்தான் ஒட்டுவோம். ஒரு இழை தள்ளி வெட்டினால் சொல்லின் முதல் மெய்யொலி போய்விடும். சாவி ஆவியாகும். 'தலை போச்சு' என்போம். புதிதாக வருபவர்களுக்கெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே தலை போகாமல் வெட்டுவதுதான். இப்போது எவனோ என் காதுக்குள் உட்கார்ந்து அத்தனை சொல்லுக்கும் தலையை வெட்டிக்கொண்டிருக்கிறான்.

ஒரு மாதமாக அப்பாவுக்குத் தலை போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். போனது சொல்லின் தலை. இதை விளக்கியதும் மகள் சிரிக்க ஆரம்பித்தாள், எனக்கும் அடக்க முடியவில்லை. மனைவி என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னோம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டாள். நான் இருந்த சந்தோஷத்தில் இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னேன்.

ஏப்ரல் 7, திங்கள்

சந்தோஷம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மறதி என்றால் பாவம் என்பார்கள். செவிடு என்றால் சிரிப்பார்கள். அதுவும் நான். நாடகம் பதிவாகும்போது எந்த நடிகருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, எவர் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னவன். காது போயிற்று என்று ஒப்புக்கொள்வதற்கு மூளை போயிற்று என்றே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்தது உண்மை.

ஏப்ரல் 15, செவ்வாய்

காது பரிசோதிக்கும் பெண், சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருவியோடு அவள், இந்தப் பக்கம் நான். கண்ணாடியின் தப்பான பக்கத்தில் இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

ஆறேழு வருஷமாகவே தேய்ந்துகொண்டு வந்திருக்க வேண்டும் என்றாள். இத்தனை நாள் நான் எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்தே சமாளித்திருக்கிறேனாம். அதனால்தான் முகக்கவசம் போட்ட டாக்டரிடம் மாட்டிக்கொண்டேன். "காதை இப்படியே விட்டுட்டா நாளாக ஆக மூளைக்கும் நல்லதில்ல சார், சீக்கிரம் வந்திருக்கலாம்" என்றாள். சீக்கிரம் வந்திருக்கலாம் என்று சொல்லாத வைத்தியர் யாரும் இல்லை. இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கியாயிற்று.

ஏப்ரல் 16, புதன்

உலகம் இவ்வளவு சத்தமா? ஃபிரிட்ஜ் முனகுகிறது. என் செருப்பு என்னைப் பின்தொடர்ந்து வருகிறது. செய்தித்தாளைப் புரட்டினால் கூரை இடிகிறது. மனைவி துணி மடிக்கும்போது மெல்லப் பாடுகிறாள். எப்போதிலிருந்து பாடுகிறாய் என்றேன். "எப்பவும்தான்" என்றாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வேறு மூன்று சொற்கள் வைத்துக் கேட்டார். எல்லாம் சரி. அவருக்கு மீசை இருக்கிறது என்பதும் தெரிந்தது. மகள் கார் சாவியைக் கொடுத்துவிட்டாள். தரகருக்கு வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வீடு தப்பித்தது, நானும் தப்பித்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மகள் எப்போது வருவாள் என்று மனைவி கேட்டாள். அடுத்த ஞாயிறு என்றேன். காய் நறுக்கும்போது கேட்டாள். சொன்னேன். விளக்கு போட்டதும் கேட்டாள். மெஷின் கோளாறோ, பழைய சத்தத்தையே திரும்பப் போடுகிறதோ என்று கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுபடியும் கேட்டாள்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

ஆறேழு வருஷமாக இந்த வீட்டில் எல்லாமே இரண்டு தடவைதான் சொல்லப்பட்டது. அவள் சொல்வாள், நான் 'என்ன?' என்பேன், மறுபடி சொல்வாள். எனக்குக் கேட்காததால் திருப்பிச் சொன்னது எது, அவளுக்கே தெரியாமல் திருப்பிச் சொன்னது எது? யார் பிரித்துப் பார்ப்பது? முந்தாநாளே சொன்னேன் என்றாளே — சொன்னாளா? எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

காலை மாத்திரை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மாத்திரை. இப்போதுதானே கொடுத்தாய் என்றேன். "அது நேத்துங்க" என்றாள், அதே பரிவோடு. பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொல்கிறாள். குளியலறையில் அன்று ஏன் தலை சுற்றியது என்று இப்போது புரிந்தது. நாக்கடியில் வைத்திருந்து தொட்டியில் துப்பினேன்.

ஏப்ரல் 23, புதன்

மகளிடம் போனில் சொன்னேன். "உங்களுக்கு மெஷின் போட்டதும் பழி அம்மா மேலயா?" என்றாள். நியாயமான கேள்வி. போன மாதம் நானே சாட்சிக்கு லாயக்கில்லாதவன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மகள் காலையிலேயே வந்துவிட்டாள், இரவும் தங்குகிறாள். அம்மா பக்கத்திலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் சமையலறையில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். எனக்கு இப்போது எல்லாம் கேட்கிறது. போய்ப் பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

அதே டாக்டர். மனைவியிடம், எனக்காகத்தான் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போனோம். மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, எனக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு, பொறுப்பாகக் கிளம்பினாள். பேச்சோடு பேச்சாக டாக்டர் அவளையும் சோதித்துவிட்டார். அவள் அதை என்னுடைய சோதனையில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். வீட்டில் கூடவே இருப்பவர் நீங்கள்தான், இது எப்போது ஆரம்பித்தது, மருந்தை முடிவு செய்வதற்குத் தெரிய வேண்டும் என்றார். ஒரு வருஷமா? மூன்றா? ஐந்தா? இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் ஒரே மேஜையில் இருந்திருக்கிறேன். என்னால் ஒரு வருஷத்தைச் சொல்ல முடியவில்லை.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு டாக்டரிடம் சொன்னாள்: "அவரைக் கேக்காதீங்க டாக்டர், பாவம். அவருக்குத்தான் மறதியாச்சே. எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஆமாம் டாக்டர் என்றேன்.

மே 14, புதன்

மாத்திரைகள் என் பொறுப்புக்கு வந்துவிட்டன. அவளுடையதும் என்னுடையதும். வேளாவேளைக்கு நானே எடுத்துக் கொடுத்தால் எனக்கு ஞாபகசக்தி திரும்பும், டாக்டர் கொடுத்த பயிற்சி அது என்று மனைவி நம்புகிறாள். மகளுடைய யோசனை. அதனால் மறுக்காமல் வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். நான் தப்பு செய்கிறேனா என்று நர்ஸ் கண்ணோடு பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

இன்று காலை டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பரவாயில்லையே, முன்னைக்கு இப்ப நல்லாத் தேறிட்டீங்க" என்றாள். எல்லாம் உன்னால்தான் என்றேன். அவள் முகம் எவ்வளவு மலர்ந்தது! மத்தியானம் மறுபடியும் அதையே சொன்னாள். நானும் அதையே சொன்னேன்.