தழையக் கட்டிய புடவை

8 பிப்ரவரி 1946, வெள்ளி.

சின்ன மைத்துனருக்குப் பெண் பார்க்க மாம்பலம் போய்வந்தோம். எனக்குக் கண் கூர்மை என்று மாமியார் இந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போகிறார். அலுத்துவிட்டது. சாப்பிட்ட பஜ்ஜி இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது.

பெண் நமஸ்காரம் செய்ய வந்தாள். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்தேன். இடது குதிகால் தரையில் படவில்லை. அந்தக் கால் துளி குட்டை. அது தெரியாமலிருக்க அந்தப் பக்கம் மட்டும் புடவையைத் தழையக் கட்டியிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து நானும் அப்படித்தான் கட்டுகிறேன். இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது ஜட்காவில் மாமியார் கேட்டார். "என்னடீ, ஏதாவது குறை கண்ணுல பட்டுதா?"

சொன்னால் இந்த இடம் தட்டிப்போகும். "ஒண்ணும் இல்லேம்மா. லட்சணமா இருக்கா" என்றேன்.

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "அப்போ முடிச்சுடலாம். நடைகூட அப்படியே உன் நடைதான்" என்றார்.

வாசலில் என்னை இறக்கிவிட என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தால், இத்தனை வருஷமும் இடது கையைத்தான் பிடித்திருக்கிறார்.