எல்லோரும் சொன்ன ஆமீன்

பட்டறை, ஈக்காட்டுத்தாங்கல்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

என் கண்ணான மகள் மஹ்விஷுக்கு அப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பைக் கேட்டால் நானும் உன் அம்மியும் நலம், அல்ஹம்துலில்லாஹ், அவளுக்கு முழங்கால் வலியும் எனக்கு வாய்க்கொழுப்பும் வழக்கம்போல இருக்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும். குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு, அழகுக்காகத் தலை உச்சியில் வைக்காதே. போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தைக் கெடுக்கிறான் என்று நினைப்பாய். நீதான் போனை எடுப்பதில்லையே. எடுத்தாலும் உன் அம்மி பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நீ என்னிடம் சொன்ன விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. அதனால் மேஜையில் கிடந்த ரெக்சின் துண்டுகளைத் தள்ளிவிட்டு, நாகராஜை டீ குடிக்க அனுப்பிவிட்டு எழுதுகிறேன். அவன் போனால் சீக்கிரம் வர மாட்டான், அது இன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

நீ அழுதுகொண்டே சொன்னதைத் திரும்ப எழுதுவது வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது. என் தங்கை, உன் வஜீஹா புப்பு, தன் மகள் ஆஃப்ரீனுக்கு நிச்சயம் செய்த இடம் கலைந்துபோனதே, அதைக் கலைத்தது நீ. ஆஃப்ரீனுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து வலிப்பு உண்டு, மாத்திரையில்தான் காலம் ஓடுகிறது என்று அந்தப் பையனின் அக்காவிடம் நீ சொல்லியிருக்கிறாய். அந்த அக்கா உங்கள் ஊரிலேயே இருப்பவள், உன் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேட்டாள், உனக்குப் பொய் வரவில்லை. இதற்காக நான் உன்னைத் திட்டப் போவதில்லை. மறைத்தது என் தங்கை, கேட்டது அவர்கள் உரிமை, சொன்னது உண்மை. அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. மந்தைவெளியில் வஜீஹா இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், யார் சொன்னது யார் சொன்னது என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அந்த நிலையில்தான் உன் தாதா, என் தகப்பனார், இறந்த நாளுக்கு ஓதும் வருஷ ஃபாத்திஹா வந்தது.

நம் வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடினால் எப்படி என்று நீ அறிவாய். குர்ஆனின் முப்பது சிபாராவையும் ஆளுக்கொன்றாகப் பிரித்து ஓதி முடித்து, ஊதுபத்தி எரிந்து தீர்ந்து, எல்லோருக்கும் பசி வந்த நேரத்தில் வஜீஹா துஆவுக்குக் கையை ஏந்தினாளாம். அவள் துஆ நீளமானது. இறந்துபோனவர்களுக்கு, நோயாளிகளுக்கு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு, பரீட்சை எழுதுகிறவர்களுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும், அவள் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் மற்றவர்கள் ஆமீன் சொல்ல வேண்டும். யாரும் வார்த்தையைக் கேட்பதில்லை, மூச்சைத்தான் கேட்கிறார்கள். உன்னையும் போனில் கூப்பிட்டுத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்திருந்தார்கள். பரீட்சைக்குக் கேட்ட அதே குரலில், என் மகள் வாழ்க்கையைக் கெடுத்தது யாராக இருந்தாலும், யா அல்லாஹ், அவங்க வீட்டு விளக்கை அணைச்சுடு என்று சொல்லி மூச்சு வாங்கினாள். நம் உருதுவில் வீட்டு விளக்கு என்றால் ஆண்பிள்ளை. எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். உன் அம்மி சொன்னாள், நீ சொன்னாய், எல்லோரையும்விடச் சத்தமாக என் தம்பி ஹஸனின் மனைவி உம்மே ஹானி சொன்னாள், உன் சாச்சி எதையும் மெதுவாகச் சொன்னவள் இல்லை. உன் அம்மிக்குச் சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்ததாம், ஏந்திய கையை முகத்தில் தடவாமல் மடியில் போட்டுக்கொண்டாளாம். நான் பள்ளிவாசலிலிருந்து வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னாள், நான் சிரித்தேன்.

மழை தொடங்கிய வாரம் ஹஸனின் ஒரே பிள்ளை தௌசீஃப் வேலைக்குப் போகும்போது, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், தண்ணீர் லாரிக்கு அடியில் போய்விட்டான். நான்தான் முதலில் ஓடினேன். நான் பார்த்ததை உனக்கு எழுத மாட்டேன். பைக் சீட்டுக்கு அதற்கு முந்தின மாதம் நான் தைத்துக் கொடுத்த உறை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது, அதை மட்டும் எழுதுகிறேன். அவன் போன் இப்போது சாச்சியிடம் இருக்கிறது. விடிகாலை பஜ்ர் தொழுகைக்கு அவன் வைத்த அலாரம் தினமும் அடிக்கிறது, ஹஸன் அதை எடுத்துவிடலாம் என்று கை நீட்டினால் அவள் தட்டிவிடுகிறாள். நடுவில் ஒரு சுவர்தானே, எங்களுக்கும் கேட்கிறது. அவன் உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் அந்தச் சத்தத்துக்கு எழுந்ததில்லை, இப்போது இரண்டு வீடும் எழுந்து உட்கார்ந்திருக்கிறோம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. மையத்து எடுத்த அன்றே கூடத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. துஆ கேட்டோம், ஒரு வீட்டில் விளக்கு அணைந்தது, அப்படியென்றால் அந்த வீட்டில்தான் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு சரியாக வந்துவிட்டது பார். யார் சொன்னது என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அல்லாஹ்வே ஆளைக் காட்டிக் கொடுத்துவிட்டானாம். உம்மே ஹானிக்குச் சோறு ஊட்ட வந்தவர்களே அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருத்தி ஆறுதல் சொல்கிறேன் என்று குர்ஆனில் கஹ்ஃபு சூராவில் ஒரு சிறுவன் கொல்லப்படுகிறானே, வளர்ந்தால் பெற்றவர்களுக்குக் கெடுதல் செய்வான் என்பதற்காக, அந்தக் கதையைச் சொன்னாள். நாக்கில் நரம்பில்லாதவள். அந்தச் சிறுவன் விஷயத்தில் காரணம் சொல்ல ஒருவர் இருந்தார், நம் தெருவுக்கு அப்படி யாரும் வந்து சொல்லிவிட்டுப் போகவில்லை. வஜீஹாவோ சாப்பிடுவதில்லை, தன் வாய்தான் பிள்ளையைக் கொன்றது என்று ஒரு நாள் தலையில் அடித்துக்கொள்கிறாள், மறுநாள் அவங்க செய்தது அவங்களுக்கு வந்தது என்கிறாள்.

நீ என்னிடம் கேட்டது, அப்பா, கெடுதல் அல்லாஹ்விடமிருந்துதான் வருகிறதா என்று. எனக்கு ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது, அதனால் தமிழ் தர்ஜுமாவை எடுத்து வைத்துக்கொண்டேன். நம் கூட்டம் திரும்பத் திரும்பச் சொல்கிற வசனம் நிஸா சூராவில் இருக்கிறது. உனக்கு வரும் நன்மை அல்லாஹ்விடமிருந்து, உனக்கு வரும் தீமை உன்னிடமிருந்து. இதை வைத்துத்தான் உன் சாச்சியை அடிக்கிறார்கள். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை யாரும் ஓதவில்லையா? நல்லது வந்தால் அல்லாஹ் கொடுத்தான் என்பார்கள், கெட்டது வந்தால் உன்னால்தான் வந்தது என்று நபிகளாரைப் பார்த்தே சொல்வார்கள், எல்லாம் அல்லாஹ்விடமிருந்துதான் என்று நீர் சொல்லும் என்கிறது. அடுத்தடுத்து இருக்கிறது மகளே, ஒரே பக்கத்தில். ஒன்றில் எல்லாம் அவனிடமிருந்து, இன்னொன்றில் தீமை உன்னிடமிருந்து. உனக்கு நான் சின்ன வயதில் ஓதி ஊதிய ஃபலக் சூராவையும் பார்த்தேன். அவன் படைத்தவற்றின் தீங்கிலிருந்து அவனிடமே காவல் தேடுகிறேன் என்று வருகிறது. இத்தனை வருஷமாக எதிலிருந்து யாரிடம் ஓடினேன் என்று தெரியாமலே உன் நெற்றியில் ஊதியிருக்கிறேன்.

இதைக் கொண்டுபோய் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். படைச்சது எல்லாம் அவன்தான் பாய், ஆனா கெடுதலை அவன் பேர்ல எழுதுறது அதபு இல்ல என்றார். மரியாதை சரி ஹஜ்ரத், அப்போ யார் பேர்ல எழுதுறது, ஒருத்தி பேர்ல எழுதிட்டாங்களே என்றேன். தாடியைத் தடவிவிட்டு, வாங்க சாயா குடிக்கலாம் என்றார். நல்ல மனுஷர், தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லவில்லை. பட்டறையில் நாகராஜிடமும் புலம்பினேன். இன்னா பாய், உன் தங்கச்சி ஒருவாட்டி கேட்டா சாமி உடனே செஞ்சுடுமா, நான் ஆத்தோரத்துலயே ஒரு வூடு குடுன்னு எவ்ளோ நாளா கேட்டுக்கினு கீறேன், தூக்கினு போய் பெரும்பாக்கத்துல நாலாவது மாடில போட்டுட்டானுங்க என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு, உடனே வெட்கமாகவும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை தௌசீஃபுக்கு நாற்பதாம் நாள் ஓதினார்கள். ஓதி முடித்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது உம்மே ஹானி எழுந்து போய் வஜீஹாவின் காலைப் பிடித்தாள். நான்தான் சொன்னேன், மாப்பிள்ளை வீட்டுக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன், என்னை மாஃப் பண்ணிடு என்றாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். வஜீஹா அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள், மாஃப் பண்ணிட்டேன் என்று கதறினாள், மற்ற பெண்களெல்லாம் சுப்ஹானல்லாஹ், அவன் நீதிக்காரன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது மஹ்விஷ். எனக்கு மட்டும் ஆகவில்லை. அவள் சொல்லவில்லை என்று, அவளைவிட்டால், தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான்.

எல்லோரும் போன பிறகு அவளைத் தனியாகக் கேட்டேன், ஏம்மா பொய் சொன்னே என்று. அவள் தௌசீஃபின் போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் சொல்லலன்னு எனக்குத் தெரியும் பாய்ஜான். ஆனா நானும் சொல்லல, எம்புள்ளையும் ஒரு தப்பும் செய்யலன்னா, அவன் சும்மாவா செத்தான்? ஒண்ணுமே இல்லாம அல்லாஹ் எடுத்துக்கினானா? அதுக்கு நான் பாவியாவே இருந்துட்டுப் போறேன். இப்படிச் சொன்னாள். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று அவன் புத்தகத்திலேயே இருக்கிறதே, தாய் பேசினதற்குப் பிள்ளையை எடுக்கிறவனா அவன் என்று கேட்டேன். அவள் போன் திரையை முந்தானையால் துடைத்தாள். அல்லாஹ்வின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று ஒரு தாய் தன் பெயரைக் கொடுத்துவிட்டாள், நாங்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டோம்.

அங்கேயே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பாய். உன் பெயர் தொண்டை வரை வந்தது. வந்ததும் என் பேரனின் முகம் எதிரே வந்து நின்றது. சொன்னது மஹ்விஷ் என்று தெரிந்தால் அந்த ஆமீன் எங்கே போகும், உன் வீட்டில் இருப்பதும் ஒரே விளக்குதானே என்று நினைத்தேன். இத்தனை வசனம் பேசுகிறவன், தங்கை கேட்டால் அல்லாஹ் லாரியை அனுப்ப மாட்டான் என்று ஊரெல்லாம் சொல்கிறவன், நினைத்தது இதைத்தான். நீ போனை எடுக்காததற்கும் இதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். நீயும் தூங்குகிற குழந்தையின் மூச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாய். நாம் இரண்டு பேரும் இப்படிப் பயந்தால், உன் சாச்சியைப் பாவி என்று சொல்கிறவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் நம்புகிறதைத்தான் நாமும் நம்புகிறோம், வாயால் மட்டும் மறுக்கிறோம்.

அதனால் கேட்கிறேன். வஜீஹா புப்புவுக்கு நீயே போன் செய்து நடந்ததைச் சொல். பிறகு சாச்சியிடம் சொல். உன் அம்மியிடம் நான் இன்று சொல்லிவிடுகிறேன், அவள் போடுகிற கூச்சலை நான் வாங்கிக்கொள்கிறேன். புப்பு உன்னைத் திட்டுவாள், திட்டட்டும். திட்டி முடித்து அழுகை நின்றதும், அப்போ என் தௌசீஃப் ஏன் செத்தான் என்று கேட்பாள், சாச்சியும் அதைத்தான் கேட்பாள். தெரியாது என்று சொல். வசனம் சொல்லாதே, விதி என்று சொல்லாதே, அவன் நல்லதுக்குத்தான் செய்வான் என்றும் சொல்லாதே. அந்தக் காரணத்தின் இடத்தைச் சும்மா விட்டுவிடு, நாங்கள் எல்லோரும் அவசரப்பட்டு அதில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டோம்.

மாப்பிள்ளைக்கு என் சலாம். ஈரத் தலையோடு வெளியே போகாதே, வைட்டமின் மாத்திரையை மறக்காதே. உன்னையும் உன் வீட்டையும் அல்லாஹ் தன் பார்வையில் வைத்துக்கொள்ளட்டும், என்னால் இதைவிடத் தெளிவாக எதையும் கேட்க முடியவில்லை. போன் செய்யும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொள். பயமாக இருந்தால் பயந்துகொண்டே சொல்.

உன் அப்பா,
அக்பர் பாஷா