மாடி அறைத் தரை மட்டம்தான்

ஆர்லன்,

மான்கறி சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

தரை மேடுபள்ளம் என்று நேற்று கத்தியது என் தப்புதான். மாடி அறையில் நீ போட்ட லேமினேட் பலகைத் தரை மட்டமாகத்தான் இருக்கிறது. உன் ஆறடி ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். அடியில் ஒரு காசுகூட நுழையவில்லை.

"நீ தொம்தொம்னு நடக்கிற, அதான் பலகை அமுங்குது" என்றாயே. இன்று காலை நான் நடக்கவே இல்லை. கட்டிலில் காலைத் தூக்கிவைத்துக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் ஒரு பலகை அமுங்கி எழும்பியது. பிறகு அடுத்தது. பிறகு அதற்கடுத்தது, கட்டிலை நோக்கி. மறுபக்கமாக இறங்கி ஓடிவந்துவிட்டேன்.

தரையைச் சோதிக்க நாலு மணிக்கு தச்சர் பர்டிக் வருவார். அதுவரை மேலே போகாதே.

மார்னா

பி.கு.: கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். கட்டிலுக்கு முன்னால் அமுங்கின பலகை இன்னும் எழும்பவில்லை.