ஸ்டேரிங்கில் அரைச் சுற்று

12-7-48, திங்கள்

குடிச்சியான்னு நானாடா கேட்டேன், அரியமுத்து? கேட்டது உன் முதலாளி. என்கிட்ட எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போற? "எலுமிச்சங்கன்னையெல்லாம் டிராக்டர் மேஞ்சிருச்சாமே மாப்ள"ன்னு ஒரு வார்த்தை கேட்டேன். பெண்டாட்டியின் தம்பியைக் கேலி பண்ணாமல் தாசில்தாரையா பண்ண முடியும்?

நடந்தது இதுதான். வைத்திலிங்கம் அய்யா ஏற்காட்டுத் துரையிடம் வாங்கிய அந்தக் குட்டி டிராக்டர், நேற்றுத் தோட்டத்தில் வரிசையை விட்டு விலகிப் பதினொரு கன்றுகளைச் சாய்த்துவிட்டது. ஓட்டியவன் அரியமுத்து. கள் குடித்துவிட்டு ஓட்டினான் என்கிறார் அய்யா. ஆடிப் பதினெட்டு அன்று பெரம்பலூரிலிருந்து ஆள் வந்து டிராக்டரை வாங்கிக்கொண்டு போகிறானாம். அதோடு இவன் டிரைவர் வேலையும் போகும். கெட்ட பேர் மட்டும் நிற்கும்.

அவன் குடிக்கிறவன் இல்லை. அது எனக்குத் தெரியும்.

13-7-48

குழம்பில் உப்பு இல்லை. கேட்டதற்குப் பாப்பாத்தி, "என் தம்பிக்கு வேலை இருந்தாத்தான் இந்த வூட்டுல உப்பு" என்றாள்.

15-7-48

தோட்டத்துக்குப் போனேன். அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் இருபத்திரண்டு வருசம் பஸ் ஓட்டிய கை இது. ஸ்டேரிங்கைப் பிடித்து அரைச் சுற்று திருப்பினேன். முன்சக்கரம் அசையவே இல்லை. அதற்கப்புறம்தான் மெதுவாகத் திரும்பியது. இதை எவன் நேராக ஓட்டுவான்?

"மாப்ள, குடிச்சது நீ இல்ல. இதுதான்" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

17-7-48

முன்சக்கரம் இரண்டையும் கழற்றினோம். சக்கரம் திரும்புவதற்கு அச்சு முனையில் செருகியிருக்கிற இரும்பு முளை, 'பின்' என்பார்கள், இரண்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து பிறை மாதிரி இருக்கின்றன. அதைச் சுற்றி இருக்கிற வெண்கல வளையம், புஷ், காகிதமாய்ப் போயிருக்கிறது. உள்ளே ஒரே கறுப்பு. விரலில் எடுத்துத் தேய்த்தேன். நறநற என்றது. வண்டி மை! வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்தது!

"எந்த மடையன்டா இதைப் போடச் சொன்னான்?"

"நீங்கதான் மாமா."

"நானா?"

"பங்குனியில கிரீஸ் எங்கயும் கெடைக்கலன்னு ஒங்ககிட்ட வந்தேன். வண்டி மையைப் போடு, மாடு மாதிரி சொன்ன பேச்சு கேக்கும்னீங்க. பஸ் ஓட்டினவரு சொல்றாரேன்னு போட்டேன்."

"அடேய், நான் சிரிச்சுக்கிட்டுல்ல சொன்னேன்!"

"நீங்க எப்பவும் சிரிச்சுக்கிட்டுதானே மாமா சொல்றீங்க?"

கட்டை வண்டி அச்சு அந்தக் கரியைத் தாங்கும். அங்கே இடைவெளி உண்டு. இங்கே மயிரிழை கூடக் கிடையாது. செம்மண் தூசியும் கரியும் சேர்ந்து நாலு மாசமாய் அறுத்திருக்கிறது. அறுத்தது நான்தான். என் வாய்.

18-7-48

இன்று யாரையும் கேலி பண்ணவில்லை. காய்ச்சலோ என்று பாப்பாத்தி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

20-7-48

அய்யா வீட்டுக்குப் போய் நின்றேன். போகிற வழியில் இரண்டு தரம் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெளையாட ஒமக்கு வேற ஆள் கெடைக்கலியா?"

"கெடைச்சிருந்தா அவனையும் விட்டிருக்க மாட்டேனுங்க. ஆனா அரியமுத்து குடிக்கலிங்க. அந்தப் பழி எம் மேலதான்."

"வர்றவனுக்கு வாக்குக் குடுத்துட்டேன். அன்னிக்கு நேரா ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்."

பாப்போம் என்றாரே! அது போதும்.

23-7-48

பட்டணத்துக் கம்பெனியில் கேட்டாயிற்று. இந்த வண்டிக்குச் சாமான் இனிமேல் வராதாம். பழைய பஸ் அச்சு ஒரு துண்டு கிடைத்தது, பின்னுக்கு ஆகும். புஷ்ஷுக்கு வெண்கலம் வேண்டும். நான் கேட்கவே இல்லை. பாப்பாத்தி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த வெண்கலப் பானை, அடியில் விரிசல் விட்டது, அதைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"எங்கம்மா பானை. அவங்க மவனுக்கே போவட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள்.

27-7-48

வெண்கலத்தை உருக்கி வார்த்து, அரியலூர் ரயிலடிக்குப் பக்கத்து லேத்துப் பட்டறையில் கடைந்தாயிற்று. இரண்டு நாள் போனது. முதல் புஷ் இறுக்கம். பின் உள்ளே போக மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. அரியமுத்துவைப் போலவே. அவனிடம் சொல்லவில்லை.

இல்லை, சொன்னேன். உதட்டோரம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. சிரிப்பா, வெயிலுக்குச் சுளித்தானா?

31-7-48

மாட்டியாயிற்று. பஸ் கம்பெனியில் பழைய சிநேகிதன் ஒரு டப்பா நல்ல கிரீஸ் கொடுத்தான். ஸ்டேரிங்கில் இரண்டு விரற்கடைதான் ஆட்டம். புது பஸ்ஸிலேயே அவ்வளவு இருக்கும்.

2-8-48, ஆடிப் பதினெட்டு

ஊரே கொள்ளிடத்துக்குப் போய்விட்டது. நாங்கள் நாலு பேர் எலுமிச்சைத் தோட்டத்தில். அய்யா, பெரம்பலூர் ஆள், நான், ஸ்டேரிங்கில் அரியமுத்து. இரண்டு வரிசைக்கு நடுவே போனான், கோடியில் திரும்பினான், அடுத்த வரிசையில் வந்தான். ஒரு இலை உதிரவில்லை.

பெரம்பலூர் ஆள், "நல்லா ஓடுதே, இப்பவே எடுத்துக்கிறேன்" என்றான். அய்யா, "நல்லா ஓடுறதை எதுக்குய்யா விக்கணும்?" என்றார். பிறகு அரியமுத்துவிடம், "நாளைக்கு மாந்தோப்புப் பக்கம் ஓட்டு" என்றார். பழைய பேச்சை எடுக்கவில்லை. சாய்ந்த கன்றுகளில் ஆறு துளிர்த்திருப்பதை மட்டும் காட்டினார்.

அவர்கள் போன பிறகு அரியமுத்து கிரீஸ் டப்பாவோடு வந்தான்.

"மாமா, வாரத்துக்கு ஒருதரம் போட்டாப் போதுமா?"

"ரெண்டு நாளைக்கு ஒருதரம். பழசை நல்லாத் துடைச்சுட்டுப் போடணும்."

என் மூஞ்சியையே பார்த்தான். சிரிக்கிறேனா என்றுதான்.

"நெசமாத்தான் மாப்ள, இந்த ஒரு தரம் என்னை நம்பு, நான்—"

சொல்லி முடிக்கவில்லை. அவன் இடுப்பில் செருகியிருந்த அழுக்குத் துணியை உருவிக்கொண்டு முன்சக்கரத்தைத் துடைக்கப் போய்விட்டான்.