புல்லில் நின்ற பந்து

பிப்ரவரி 3
காலையில் திவ்யா வழக்கம்போல் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "என் நைட்டி என்ன கலர்?" என்றேன். "பச்சை." சரிதான். பத்து வயதுப் பிள்ளைக்குத் தினம் ஒரு பரீட்சை. மிச்சப் பார்வை எத்தனை நாளைக்கு என்று கடல் தாண்டிப் போய்ப் பார்த்த மெயின்லேண்ட் கண் டாக்டரே சொல்லவில்லை. நான் வேறென்ன செய்ய?

பிப்ரவரி 5
திவ்யா பழகும் டாலிகஞ்ச் மைதானத்துக்கு முதல்முறையாகப் போனேன். பார்வையில்லாத பிள்ளைகளின் கால்பந்து. பந்துக்குள் மணிகள், உருண்டால் சலசலக்கிறது. பந்தை நோக்கிப் போகிறவர் "வோய்" என்று குரல் கொடுக்க வேண்டும், மோதாமலிருக்க. எல்லாம் சரி, கண்ணை ஏன் பட்டையால் கட்டுகிறார்கள்? கோச் தேவேந்திரன் சாரைக் கேட்டேன். "ஒருத்தருக்கு வெளிச்சம் தெரியும், ஒருத்தருக்கு அதுவும் தெரியாது. கட்டினாத்தானேம்மா எல்லாரும் பராபர், ஒரே சமம்?"

இருக்கிற கொஞ்சத்தையும் பூட்டி வைத்தால் நரம்பு சும்மா கிடந்து செத்துப்போகாதா? இவர் என்ன டாக்டரா?

பிப்ரவரி 9
வாளியில் இடித்துக்கொண்டாள். நேற்று கதவு. எல்லாம் அந்தப் பட்டையால்தான்.

பிப்ரவரி 10
கண்பட்டையை அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டேன். லாங் ஐலண்டில் டியூட்டியிலிருக்கும் திவ்யா அப்பாவிடம் போனில் சொன்னேன். "நீ யாரைத்தான் நம்புவ?" என்றார்.

பட்டை காணோம் என்று அவள் கவலைப்படவே இல்லை. அது ஏன்?

பிப்ரவரி 12
மத்தியானம் குவார்ட்டர்ஸ் வாசலில் பட்டையில்லாமல் மணிப்பந்தை வைத்து விளையாடினாள். சலசலப்பைத் துரத்தி, மடக்கி, சுவரில் அடித்து — அழகாகத்தான். பந்து புல்லில் போய் நின்றது. சத்தமும் நின்றது.

மஞ்சள் பந்து. நல்ல வெயில். அவள் காலுக்கு ஒரு முழம் முன்னால்.

குனிந்து இரண்டு கையாலும் தரையைத் துழாவினாள்.

எத்தனை நாளாடி?

தீபாவளிக்கு முன்னாலிருந்தே என்றாள். பட்டை கட்ட ஆரம்பித்ததே ஜனவரியில்தான்.

அப்போ தினமும் கலர் சொன்னியே?

"கட்டிக்கிறப்போ தெரியும்மா. பச்சை வழுக்கும். சிவப்பு சொரசொரன்னு இருக்கும்."

ஏன் சொல்லல?

"நீ அழுவ."

பிப்ரவரி 13
டாக்டரிடம் பேசினேன். பட்டையால் இல்லை, நோயின் போக்கு என்றார். அடுத்த மாதம் கூட்டிவரச் சொன்னார்.

காலையில் அவள் வரவில்லை. கலருக்காகத்தான் இத்தனை நாளும் கட்டிக்கொண்டாளா?

பிப்ரவரி 14
இன்றும் இல்லை.

பிப்ரவரி 16
பட்டையைத் துவைத்துக் காயவைத்து, மைதானத்தில் நானே கட்டிவிட்டேன்.

திரும்பிவந்து, அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சமையலறைக்குள் நுழையும்போது "வோய்" என்றேன். சிரித்ததில் புரையேறியது. டம்ளரை வைத்துவிட்டு, குரல் வந்த பக்கம் நேராக வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

நான் கலர் கேட்கவில்லை. அவளும் விடவில்லை.