கடிகாரம் பாத்துப் பால் குடுத்த கதை

அதுவும் எப்பச் சொன்னே நீ, நேத்து போனை வைக்கப் போற நேரத்துல, ரெண்டு நாளா குழந்தை அழறதே இல்ல பெரியம்மா, புத்தகம் நல்லா வேலை செய்யுதுன்னு. நானும் நல்லது கண்ணுன்னு சொல்லிட்டு வச்சுட்டேன், அப்புறம் விடியற வரைக்கும் கூடத்துலயே நடந்துக்கிட்டிருந்தேன். இரு, முறையா ஆரம்பிக்கிறேன். இங்க நானும் உன் பெரியப்பாவும் ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கோம், என் முழங்காலை மட்டும் அந்தக் கணக்குல சேக்காதே. நீயும் மாப்பிள்ளையும் இருபத்திநாலு நாள் குட்டியும் சுகமா இருக்கணும்னு காலையில சாமிகிட்டக் கேட்டேன், வழக்கம்போல நானே பேசிட்டு வந்துட்டேன், அவரைப் பேச விடல. பெரியப்பா கடையில கூரை ஒழுகி நாலு கடிகாரம் நனைஞ்சு போச்சு, அதுல ஒண்ணு முன்னைய விட நல்லா ஓடுதுன்னு சிரிக்கிறாரு.

இன்னிக்கு விடிஞ்சதும் போன் போட்டேன், நீ தூங்குறேன்னு மாப்பிள்ளை எடுத்தாரு. அவளை எழுப்புங்க, குழந்தைய இப்பவே டாக்டர்கிட்டக் கொண்டு போய் எடை பாருங்கன்னேன். ஏன் அத்தைன்னாரு, அது பெரிய கதை, முதல்ல கிளம்புங்கன்னேன். வாயால சொன்னா நீ நடுவுல பேசுவே, அதான் எழுதறேன், எதிர் வீட்டுப் பொண்ணு போன்ல படம் எடுத்து உடனே அனுப்பிடுறேன்னு பக்கத்துலயே உக்காந்திருக்கா. நாலு மணி நேரத்துக்கு ஒருக்காதான் பால், நடுவுல அழுதா தூக்கக் கூடாது, தூக்கினா பழகிடும்னு உன் புத்தகம் சொல்லுதுன்னியே. முன்னாடி படிச்ச யாரோ ஓரமெல்லாம் பென்சில்ல டிக் போட்டு வச்சிருக்காங்க, அவங்க அப்படியே வளத்து ஜெயிச்சிருக்காங்கன்னு வேற சொன்னே. அந்த மகராசி யாருன்னு தெரியல, எதிர்ல வந்தா நாலு வார்த்தை கேப்பேன்.

கேக்க எனக்கு என்ன யோக்யதைன்னு நீ கேப்பே, சொல்றேன். உன் அம்மா, என் தங்கச்சி, உன்னை என் மடியில விட்டுட்டுக் கண்ணை மூடினப்போ உனக்குப் பதிமூணு நாள். நான் பெத்தவ இல்ல, அஞ்சாம் கிளாஸோட நின்னவ, எழுதுனவங்களுக்குத் தெரியாததான்னு நானும் ஒரு புத்தகம் வாங்கிட்டு வந்தேன், அதுலயும் இதே நாலு மணி நேரம்தான். கடிகாரம் ரிப்பேர் பண்றவர் பொண்டாட்டிக்கு மணி பாக்கவா பஞ்சம், வீட்டுச் சுவத்துல பதினோரு கடிகாரம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரம் காட்டும். அதுல கண்ணாடி பளபளன்னு, பெருசா, பாத்தா மரியாதை குடுக்கத் தோணுற ஒண்ணைத் தேர்ந்தெடுத்தேன். அதுல முள்ளு வந்தாத்தான் புட்டி. நீ தொட்டில்ல கத்துவே, நான் அடுப்படியில காதைப் பொத்திக்கிட்டு, என் மனசைத் தளர விடாதே ஆண்டவனேன்னு வேண்டுவேன். எல்லாரும் சாமி கும்பிட்டு மனசு இளகுவாங்க, நான் கும்பிட்டுக் கும்பிட்டுக் கல்லாக்கிக்கிட்டேன். பக்கத்து வீட்டு டெய்லர் சம்சாரம், தூக்கிக்க வேண்டியதுதானே அக்கான்னா. மூணு பெத்தவ அவ. புத்தகம் படிக்காதவங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மான்னு சொல்லிட்டேன்.

ரெண்டு வாரத்துல நீ அழறதை நிறுத்திட்டே. எனக்குத் தலை கால் புரியல. டெய்லர் சம்சாரத்தை வலியக் கூட்டிட்டு வந்து காட்டினேன், அவ உன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போயிட்டா. புத்தகப்படி ஆரம்பிச்ச பதினேழாவது நாள் ஊசி போடத் தூக்கிட்டுப் போனேன். நர்ஸ் எடை பாத்தா, நம்பாம இன்னொரு தடவை பாத்தா. பதிமூணு நாள்ல இருந்ததை விடக் கம்மி. நான் பெருமையா, குழந்தை அழவே அழாது சிஸ்டர், ரொம்ப சமத்துன்னேன். அழறதுக்கு அதுகிட்டத் தெம்பு இல்லம்மான்னா. உனக்கு உறிஞ்சக்கூட முடியல, சொட்டுச் சொட்டா அவளே வாயில விட்டா, ஒரு மணி நேரம் கழிச்சு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டே பாரு, அந்த அழுகை மாதிரி ஒரு நல்ல சத்தத்தை நான் எங்கயும் கேட்டதில்ல. வீட்டுக்கு வந்து பெரியப்பாகிட்ட அழுதேன், எந்தக் கடிகாரம்னு கேட்டாரு, காட்டினேன். அது மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்குதுன்னுதான்டி ரிப்பேருக்கே வந்ததுன்னாரு. நாலு மணி நேரம்னு நான் உன்னைக் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் காயப் போட்டிருக்கேன். அன்னிக்கே அந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சேன்.

அதனால கண்ணு, பசின்னு வாயைத் தொறந்தா குடு, சும்மா அழுதாலும் தூக்கு, தூங்கிக்கிட்டே கெடந்தா எழுப்பிக் குடு, எதுவானாலும் நர்ஸைக் கேளு. உன்மேல தப்பில்ல, பயந்தவங்கதான் புத்தகத்தைப் பிடிச்சுத் தொங்குவாங்க, எனக்குத் தெரியாததா. குட்டியும் நீயும் நூறு வயசு நல்லா இருங்க, சாமி எப்பவும் உங்க பக்கத்துலயே இருக்கட்டும். எடை எவ்வளவுன்னு உடனே சொல்லு, அதுவரைக்கும் எனக்குச் சோறு எறங்காது.

இப்படிக்கு,
உன்னை வளத்ததா ஊரெல்லாம் சொல்லிக்கிற
பெரியம்மா

இரு, படம் எடுக்காதேன்னு அந்தப் பொண்ணை நிறுத்திட்டேன். புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சேன்னு எழுதினேன்ல, எறியல. தையல் மெஷின் ஆடுதுன்னு காலுக்கு அடியில வச்சேன், போன வருஷம் மெஷினை உனக்கு அனுப்பினப்போ அதையும் சேத்துப் பெட்டியில போட்டது இப்பத்தான் ஞாபகம் வருது. டிக் போட்டவ நான்தான், நாளுக்கு ஒண்ணா. நல்லாப் புரட்டிப் பாரு, பதினேழாவது நாளுக்கு அப்புறம் டிக் இருக்காது.